கீறல் விழுந்த படகு

பழவேற்காடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் ஃபைபர் படகு. கரையில் இழுக்கும்போது மணலுக்குள் புதைந்து கிடந்த கல் ஒன்று அடிப்பாகத்தைக் கீறிவிட்டது. ஒரு சாண் நீளம். முதல் பங்காளி, 'பெயின்ட் அடிச்சா தெரியவே தெரியாது' என்கிறார். இரண்டாவது பங்காளி, 'எம்-சீல் வாங்கி அப்பிடலாம்' என்கிறார். மூன்றாவது பங்காளி நம் வாசகர். அவருக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லையாம். 'உலகத்தில் எல்லா விஷயத்தைப் பற்றியும் எழுதுகிறீர்களே, இதைப் பற்றியும் எழுதினால் என்ன?' என்று முடித்திருக்கிறார்.

கடைசி வரி பாராட்டா, இடிப்பா என்று இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

'எங்க வீட்டுல ஸ்கூட்டர்தான் இருக்கு, படகு இல்லையே' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். தீம் பார்க்கில் உங்கள் பிள்ளை 'வீல்' என்று கத்திக்கொண்டு சறுக்கி வருகிற குழாய் பெரும்பாலும் இதே சரக்குதான். தவிர, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட வஞ்சிரம் இப்படி ஒரு படகில் ஏறித்தான் கரைக்கு வந்திருக்கும். அந்த நன்றிக்காகவாவது நாலு பாரா படிக்கலாம்.

* * *

ஃபைபர் என்றால் நார். எதன் நார்? கண்ணாடியின் நார். ஆமாம், நம் மீனவர்கள் கடலுக்குப் போவது கண்ணாடிப் படகில்!

கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி மெத்தை போலப் பரப்புகிறார்கள். இதற்கு 'மேட்' என்று பெயர். இழைகளைப் பாய் மாதிரி நெய்தால் 'ரோவிங்'. இவற்றைப் பாலியெஸ்டர் ரெசின் என்கிற தேன் பதத்துப் பிசினில் ஊறவைத்து இறுக விட்டால் ஃபைபர் ரெடி. கண்ணாடி மட்டும் இருந்தால் தனித்தனி நூல். ரெசின் மட்டும் இருந்தால் தட்டினால் நொறுங்கும். இரண்டையும் சேர்த்தால் அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு அசராமல் போகும். களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்துச் சுவர் எழுப்பினாரே உங்கள் கொள்ளுத்தாத்தா, அதே சூத்திரம்தான்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942-ல் செய்த சின்னப் படகை இந்த வம்சத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் பிள்ளைகள் பெருகி உலகத்துக் கடற்கரையெல்லாம் நிரம்பிவிட்டார்கள்.

இந்தப் படகைக் கட்டுகிற முறைதான் வேடிக்கை. வீடு கட்டினால் முதலில் சுவர், கடைசியில் பெயின்ட். ஃபைபர் படகில் முதலில் பெயின்ட், அப்புறம்தான் சுவர்! இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி அச்சின் உள்பக்கம் மெழுகு தடவுகிறார்கள். அதன் மேல் நிறம் கலந்த கெட்டி ரெசினை ஒரு பூச்சு. அது பாதி இறுகியதும் மேட், ரெசின், மேட், ரெசின் என்று உள்பக்கமாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எல்லாம் இறுகிய பிறகு இட்லி மாதிரி பெயர்த்து எடுத்தால், அச்சைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. அந்த முதல் பூச்சுக்குத்தான் ஜெல்கோட் என்று பெயர்.

ஜெல்கோட்டின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு விசிட்டிங் கார்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கண்ணாடி இழைக்கும் வெளியே இருக்கிற வங்காள விரிகுடாவுக்கும் நடுவே காவலுக்கு நிற்பது அந்த இரண்டு விசிட்டிங் கார்டுகள். நம் வாசகரின் தூக்கத்தைக் கெடுத்த கல் கிழித்தது அதைத்தான்.

* * *

மரப்படகுக் காலத்தில் இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. கட்டுமரத்தில் ஓட்டை என்ற பேச்சே கிடையாது. நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் கட்டியது அது. தண்ணீர் ஒரு பக்கம் ஏறும், மறு பக்கம் இறங்கும், வேட்டி நனையும், அவ்வளவுதான். மரப்பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு சென்னைக் கரையில் அலையை வளைந்து கொடுத்தே சமாளித்தது. ஆணி அடித்த வள்ளம் தினமும் கொஞ்சம் ஒழுகும். ஒழுகுவதைக் கண்ணால் பார்க்கலாம், தகரக் குவளையால் இறைக்கலாம், பஞ்சு திணித்து அடைக்கலாம். ஒழுகுகிற கூரை மாதிரி. 'என்னைக் கவனி' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நம் கரையில் ஃபைபர் நுழைந்தது ஒரே நாளில் அல்ல. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தை ஆரம்பித்தது. துறைமுகம் இல்லாத ஊர்களில் அலையைத் தாண்டி மணலில் ஏறக்கூடிய படகுகளை வடிவமைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமி கட்டுமரங்களையும் வள்ளங்களையும் விறகாக்கிப் போட்ட பிறகு, நிவாரணமாக ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியவை ஃபைபர் படகுகள். அவசர அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளின் தரம் பற்றி அந்த நாட்களிலேயே கவலைக் குரல்கள் எழுந்தன. ஆனால் படகு வந்தது, பிழைப்பு திரும்பியது, ஃபைபர் நிலைத்துவிட்டது.

கூடவே ஒரு நம்பிக்கையும் வந்து ஒட்டிக்கொண்டது. 'ஃபைபர்னா ஒண்ணும் ஆகாது. மக்காது, துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது.' எல்லாம் உண்மை. அதனால் 'கவனிக்கவே வேண்டாம்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டதில்தான் வினை. மரம் தன் வியாதியை ஊருக்கே சொல்லும். ஃபைபர் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே ஊறும். சர்க்கரை வியாதிக்காரர் மாதிரி. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்.

ஜெல்கோட் கிழிந்த இடத்தில் தண்ணீர் நுழைந்தால் சும்மா இருப்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழை வழியே மெதுவாக உள்ளே போகும். நாளாக நாளாக இழைக்கும் ரெசினுக்கும் உள்ள பிடிப்பு தளரும். அடுக்குகள் பிரியும். படகு கனக்கும், பலம் குறையும். பின்பலகைக்குள்ளே ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். எஞ்சின் மாட்ட அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால், மக்காத ஃபைபருக்குள் மரம் மக்கும்.

எஞ்சின் தொங்குவதோ அந்தப் பின்பலகையில். அது விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் கரையில் அல்ல, அலை தூக்கிப் போடுகிற இடத்தில். கரை விளக்கு தெரியாத தூரத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு.

* * *

காசிமேட்டில் ஃபைபர் வேலை செய்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். கை முழுக்க உலர்ந்த ரெசின். காதில் பென்சில். கவிழ்த்துப் போட்ட ஒரு படகைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கடன் கேட்கிறீங்களா அதுகிட்ட?"

"வைத்தியம் சார். கேளுங்க." தட்டினார். 'டங், டங், டங்.' ஒரு அடி தள்ளித் தட்டினார். 'டொக்.'

"இன்னா வித்தியாசம்?"

"முதல்ல தட்டினது தேங்காய் மாதிரி, இது அழுகின தேங்காய் மாதிரி."

"கரெக்ட். இங்க உள்ளே லேயர் பிரிஞ்சிருக்கு. மேலே பார்த்தா கீறல் ஒரு விரல்தான். உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கு. பெயின்ட் அடிச்சுக் கொடுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு ஓனரு."

"அடிக்கப் போறீங்களா?"

"அடிச்சா எனக்கு இருநூறு ரூபாய் மிச்சம் சார். அவரு பையனும் இதுலதான் போறான்." கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு கிரைண்டரை எடுத்தார்.

அவரிடம் கேட்டதையும், ஃபைபர் சாஸ்திரம் சொல்வதையும் சேர்த்து இங்கே வரிசையாகத் தருகிறேன். பங்காளிகள் மூவரும் கவனிக்கவும்.

முதலில் குளியல். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உப்பு, மணல், பாசி, டீசல் எல்லாம் போகக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு சுத்தமான துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைக்க வேண்டும். கழுவாமல் நேரே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிற அவசரக்காரர்கள் உண்டு. மேலே இருக்கிற மெழுகையும் எண்ணெயையும் அவர்கள் காயத்துக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் என்ன பூசினாலும் எண்ணெய்த் தலையில் ஒட்டின ஸ்டிக்கர்தான்.

அடுத்தது ஆழம். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லையா? கவலையை விடுங்கள். மேல் தோல் சிராய்ப்பு. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசினால் போதும்.

நகம் தட்டுகிறது, ஆனால் பள்ளத்தின் அடியிலும் அதே நிறம்தான் தெரிகிறது என்றால், ஜெல்கோட் மட்டும் கிழிந்திருக்கிறது. அதை ஜெல்கோட்டால் நிரப்பலாம்.

அடியில் வேறு நிறம் தெரிகிறது, முடி முடியாக நார் எட்டிப் பார்க்கிறது என்றால் விஷயம் தோலைத் தாண்டிச் சதைக்குப் போய்விட்டது. அங்கே ஜெல்கோட்டை மட்டும் கெட்டியாக அப்பினால் நிற்காது. ஜெல்கோட்டுக்குள் இழை கிடையாது. கனமாகப் போட்டால் படகு நெளியும்போது வெடித்துவிடும்.

நாலாவது ரகம் சிலந்தி வலை. ஒரு புள்ளியிலிருந்து மெல்லிய விரிசல்கள் நட்சத்திரம் மாதிரி பரவியிருக்கும். ஏதோ இடித்திருக்கிறது, அல்லது அந்த இடம் ஒவ்வொரு அலைக்கும் நெளிகிறது. இடித்தது என்றால் திறந்து அடைத்தால் போச்சு. நெளிகிறது என்றால் மேலே எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மாதம் அதே இடத்தில் அதே வலை. உள்பக்கம் அடுக்கு கூட்டிப் பலப்படுத்தினால்தான் நிற்கும்.

* * *

ஆழம் தெரிந்ததும் கை துருதுருக்கும். பொறுங்கள். அடுத்து வருவதுதான் பாதிப் பேர் தாண்டிக் குதிக்கிற கட்டம்: காய வைப்பது.

ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுவிடும். 'காஞ்சிடுச்சு' என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம். பெரியவர் ஒரு செலவில்லாத பரீட்சை சொன்னார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைக் காயத்தின் மேல் வைத்து நாலு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு வெயிலில் விடுவது. சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. டேப்பைப் பிரித்து இன்னும் காய விடுங்கள்.

இங்கேதான் வாழ்க்கை குறுக்கே வருகிறது. கிழக்குக் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடைக்காலம் என்றால் அவர்களுக்கு மராமத்துக் காலம். படகைக் கரையேற்றி, சுரண்டி, அடித்து, பூசி, ஜம்மென்று இறக்குவார்கள். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அது சலுகைதான். ஆனால் ஃபைபர் படகுக்கு அந்தக் கட்டாய லீவும் கிடையாது. ஒரு நாள் நின்றால் மூன்று குடும்பத்துக்கு ஒரு நாள் வரும்படி போச்சு. அதனால்தான் 'காயட்டும்' என்ற வார்த்தை கரையில் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. 'பட்டி பார்த்து பெயின்ட் அடி' என்பது வேத வாக்கு.

முதல் பங்காளியைக் குறை சொல்லுமுன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்குக் கீறல் தெரியாமல் இல்லை. நாளைக்கு டீசலுக்குப் பணம் வேண்டும் என்பதும் தெரியும்.

ஆனால் கணக்கை இரண்டாகப் போட்டால் விடை வேறு வரும். இன்றைக்கு இரண்டு மூன்று நாள் காய விட்டு, கொஞ்சம் ஜெல்கோட்டில் முடிகிற வேலை. மூடி வைத்து ஓட்டினால், ஒரு வருஷம் கழித்து அதே இடத்தை முழத்துக்கு முழம் அறுத்து எடுத்து, மேட் மேல் மேட் போட்டு, வாரக்கணக்கில் படகைக் கவிழ்த்துப் போட வேண்டி வரும். அந்த வாரங்களுக்கு வரும்படி யார் தருவது?

* * *

சரி, காய்ந்துவிட்டது. இப்போது அறுவை சிகிச்சை.

ஜெல்கோட் மட்டும் கிழிந்திருந்தால் கீறலின் ஓரத்தைச் செதுக்கி, வாய் அகன்ற கால்வாய் மாதிரி ஆக்க வேண்டும். நல்லா இருக்கிற படகை எதற்கு இன்னும் கெடுப்பது என்று தோன்றும். மயிரிழை விரிசலுக்குள் கெட்டிப் பூச்சு இறங்காது. மேலோடு பாலம் கட்டிவிட்டு நின்றுவிடும். திறந்தால்தான் உள்ளே போய்ப் பிடிக்கும்.

நார் வரை போயிருந்தால் கிரைண்டர். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஆழத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு. காயம் 4 மில்லிமீட்டர் ஆழம் என்றால் சுற்றிலும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டருக்கு, கோயில் குளத்துப் படி இல்லாமல் சாப்பாட்டுத் தட்டின் ஓரம் மாதிரி சாய்வாகத் தேய்க்க வேண்டும். புது ஃபைபர் பழைய ஃபைபரைப் பிடிப்பது பசையால்தான். பசைக்குப் பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பிடிப்பு. செங்குத்தான குழியில் அடைத்தது மூடி மாதிரி கழன்று வரும்.

பிறகு மேட் துண்டுகள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு, ரெசினோடு சேர்ந்து சுமார் 1 மில்லிமீட்டர் கனம் வரும். ஆக 4 மில்லிமீட்டர் பள்ளத்துக்கு நாலு அடுக்கு. ஒவ்வொன்றையும் ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். அப்பளத்தில் குமிழ் வரலாம், படகில் கூடாது.

இப்போது ரெசின் கலக்கிற விஷயம். தயவுசெய்து இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ரெசின் இறுகுவதற்கு இரண்டு மருந்து. ஒன்று கோபால்ட், ஊதா நிறத் திரவம். இன்னொன்று ஹார்டனர், தண்ணீர் மாதிரி இருக்கும். பல ரெசின்களில் கோபால்ட்டைக் கம்பெனியிலேயே கலந்து அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே மூலையில் வைப்பதும் வேண்டாம். ஜென்ம விரோதிகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி அது.

ஹார்டனர் அளவு நூறு கிராம் ரெசினுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம். 'சீக்கிரம் இறுகட்டும்' என்று நாலு மடங்கு ஊற்றினால் டப்பாவிலேயே கொதித்துப் புகையும். குறைவாக ஊற்றினால் ஜன்மத்துக்கும் பிசுபிசுக்கும். டப்பாவில் ஒட்டியிருக்கிற தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்வது உத்தமம். நம் ஊர் சித்திரை வெயிலில் ரெசின் உங்களுக்காகக் காத்திராது.

ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். மீறித் தெறித்துவிட்டால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் கழுவிக்கொண்டே இருந்து, நேரே கண் ஆஸ்பத்திரி. தேய்க்கும்போது பறக்கிற தூள் கண்ணாடித் தூள்; மூக்குக்கு முகமூடி, முழுக்கைச் சட்டை. ரெசின் வாசனை தலைவலி தரும், தீயும் பிடிக்கும். பக்கத்தில் பீடி கூடாது. கரை ஓரத்தில் மூக்கில் கர்ச்சீப் மட்டும் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இந்த வேலை செய்கிறவர்களைப் பார்த்தால், படகைவிட அவர்களுக்குத்தான் முதலில் ஜெல்கோட் தேவை என்று தோன்றுகிறது.

* * *

கடைசியில் அலங்காரம். ஜெல்கோட்டில் ஹார்டனர் கலந்து, பள்ளத்தில் நிரப்பி, மட்டத்துக்கு ஒரு துளி மேலேயே விட வேண்டும். இறுகும்போது சுருங்கும். அப்புறம் தேய்க்கவும் கொஞ்சம் வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம். சாதாரண ஜெல்கோட்டுக்குக் காற்று ஆகாது. காற்றுப் படுகிற மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். 'மருந்து டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான். பூசியதும் மேலே ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தாளை வைத்து, குமிழ் இல்லாமல் நீவி, ஒட்டிவிடுங்கள். இறுகியதும் தாளை உரித்தால் மேல்பரப்பு கண்ணாடி.

பிறகு வாட்டர் பேப்பர். 220-ல் ஆரம்பித்து 400, 600, 1000 என்று படிப்படியாக, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். 220-லிருந்து நேரே 1000-க்குத் தாவினால் கோடுகள் அப்படியே நிற்கும். அப்புறம் காம்பவுண்ட், அப்புறம் மெழுகு.

நிறம் ஒத்துப்போகவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்பது புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி தேடி ரங்கநாதன் தெருவில் அலைந்தவர்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காக வெயிலில் நின்று பழுத்த படகுக்குப் புது வெள்ளை எப்படிச் சேரும்? மீனுக்கு மேட்சிங் பார்க்கத் தெரியாது.

கரையில் ஏற்றாமல் துறைமுகத்திலேயே கட்டிப் போடுகிற படகுகளுக்கு இன்னொரு வியாதி உண்டு: கொப்புளம். கீறலே இல்லாவிட்டாலும் ஜெல்கோட் வழியே தண்ணீர் அணு அணுவாக ஊறி, உள்ளே மிச்சமிருக்கிற ரசாயனத்தோடு சேர்ந்து, அழுத்தம் கூடி, அம்மை போட்ட மாதிரி கிளம்பும். குத்தினால் வருகிற நீரில் வினிகர் வாசனை அடிக்கும். இதற்கும் மருந்து அதே வரிசைதான்: திற, கழுவு, காய வை, பிறகு அடை. காய்வதற்கு மட்டும் வாரங்கள், சமயத்தில் மாதங்கள். தினமும் மணலில் ஏறிக் காய்கிற நம் ஃபைபர் படகுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு மணல் அவற்றின் அடியைத் தேய்க்கிறது. ஒன்றிலிருந்து தப்பினால் இன்னொன்று. மனுஷ ஜாதகம் மாதிரிதான்.

* * *

இனி பஞ்சாயத்துத் தீர்ப்பு.

முதல் பங்காளிக்கு: பெயின்ட் அடிக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு. காயத்துக்கு மேலே அடித்த பெயின்ட் தண்ணீரை நிறுத்தாது, உங்கள் கண்ணைத்தான் நிறுத்தும். அடுத்த தடவை படகைக் கவிழ்க்கும்போது எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

இரண்டாவது பங்காளிக்கு: எப்பாக்சிப் பசை நல்ல சரக்குதான். கடலில் போகும்போது ஒழுகினால் அடைத்துக்கொண்டு கரை வந்து சேர ஒரு பொட்டலம் எப்போதும் படகில் இருக்கட்டும். ஆனால் இதிலும் ஒரு ஜாதிப் பிரச்சினை. பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. கடைசிப் பூச்சு ஜெல்கோட்தான் என்றால் அடியில் எப்பாக்சி வைக்காதீர்கள். எப்பாக்சி வைத்துவிட்டால் மேலே அதற்கேற்ற பெயின்ட். கார் ஒர்க்‌ஷாப்பில் ஓசியில் கிடைக்கிற பட்டியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொடவே வேண்டாம். அது காருக்காகப் பிறந்தது. தண்ணீரைக் குடிக்கும்.

மூன்றாவது பங்காளிக்கு: கழுவுங்கள், நாணயத்தால் தட்டுங்கள், நகத்தால் ஆழம் பாருங்கள், பிளாஸ்டிக் தாள் ஒட்டி வேர்க்கிறதா என்று பாருங்கள். 'டங்' என்று கேட்டு, நார் தெரியாமல், வேர்க்காமல் இருந்தால் ஒரு நாள் வேலை. 'டொக்' என்று கேட்டால் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அது தெரியும் வரை படகை இறக்க வேண்டாம்.

மற்ற இரண்டு பங்காளிகளும் நம்பவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காட்டுங்கள். அப்புறம் ஜெல்கோட் கலக்கும்போது டப்பாவுக்குக் கீழே விரித்துக்கொள்ளலாம். வாரப் பத்திரிகைத் தாளுக்கு பஜ்ஜி எண்ணெய் ஒற்றுவதைவிட அது கௌரவமான முடிவு.